ஒன்பதாவது குரல்

தேயிலையை எந்த மிருகமும் தின்னாது. கீழ் கோத்தகிரிச் சரிவில் குடியிருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். காட்டெருமை அதன் ஊடே நடந்து போகும், கரடி அதன் அடியில் படுத்துக் கிடக்கும், பன்றி அதன் வேரை மோந்துகூடப் பார்க்காது. மூன்று பக்கமும் காடு இருந்தும் அந்தச் சரிவில் மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடிந்தது இந்த ஒரு குணத்தால்தான். ஆண்டாயிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அவள் தேயிலையைப் பிடுங்கினாள்.

ஆண்டாயிக்கு இப்போது ஐம்பத்துமூன்று வயது. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, எட்டு வயதில் கப்பலேறி வந்தவள். இங்கும் வந்து சேர்ந்தது தேயிலைக்குத்தான். பதினெட்டு வயதில் பேர் பதிந்து முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தாள். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ஏறிய கறை இன்னும் போகவில்லை. கணவர் பொன்னுத்துரை அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் இடத்தில் இருந்தார். இருவரும் வேலையை விட்டபோது கையில் வந்ததை அப்படியே போட்டு, சரிவின் கடைசியில் அறுபது சென்ட் தேயிலையும் இரண்டு அறை வீடும் வாங்கினார்கள். ஒரே மகள் கீர்த்தனா கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள்.

தோட்டத்து வாழ்க்கையிலிருந்து ஆண்டாயி கொண்டுவந்தது ஒரு பழக்கம். மலையில் மேகம் இறங்கினால் பக்கத்து ஆள் தெரியாது. அந்த நேரத்தில் ஒவ்வொரு நிரையிலும் நிற்கிற பெண் குரல் கொடுக்க வேண்டும். முதல் நிரைக்காரி "ஓ" என்பாள், அடுத்தவள் "ஓ" என்பாள், கடைசி நிரைவரை போய்த் திரும்பும். ஒரு குரல் குறைந்தால் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த நிரைக்கு ஓடுவார்கள். பெரும்பாலும் பாம்பாக இருக்கும், அல்லது சறுக்கி வடிகால் கானில் விழுந்திருப்பாள். இரண்டு முறை கரடி. அந்த இரண்டு பேரையும் ஆண்டாயி பேர் சொல்லிப் பேசமாட்டாள்.

அவள் தேயிலையை வெறுத்ததற்குக் காரணம் ஒரு மூட்டை. இலை எடுக்க வருகிற ஏஜெண்ட் ஒரு நாள் அவள் மூட்டையைப் பிரித்து, கையை விட்டு அளைந்து, "முத்திருச்சுங்க" என்று ரோட்டோரத்தில் கவிழ்த்துவிட்டுப் போனான். ஊருக்கே கொழுந்து எது முற்றல் எது என்று சொல்லக்கூடியவள் அவள். மத்தியானம்வரை அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வழியாகப் போன நாலு பெண்கள், அவள் வேலியோரத்தில் வீட்டுக்காகப் போட்டிருந்த பீன்ஸைப் பார்த்து, "கொஞ்சம் குடேன்கா" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். இலையை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் பொன்னுத்துரையிடம் சொன்னாள். "இந்தாங்க, பாதிய எடுத்துருவோம்."

"எத?"

"தேயிலைய."

பொன்னுத்துரை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த நிலம் முன்பு உருளைக்கிழங்கும் சாமையும் பட்டாணியும் விளைந்த நிலம்தான். விற்றவரே சொல்லியிருந்தார். தேயிலைக்கு விலை இருந்த காலத்தில் எல்லோரும் மாறியதுபோல அவரும் மாறியிருந்தார். ஆண்டாயி கீழ்ப்பாதியில் தேயிலையைத் தூரோடு பிடுங்கி, படி கட்டி, கானைச் சரிசெய்தாள். முதல் மழைக்கு முள்ளங்கி, பீன்ஸ், கொத்தமல்லி. அடுத்து பூண்டு, பீட்ரூட், உருளைக்கிழங்கு. ஓரம் முழுக்க அவரை. மேட்டில் இரண்டு பாத்தி சாமை. தேயிலைக்கடியில் நாற்பது வருஷம் இருட்டில் கிடந்த மண் கறுப்பாக இருந்தது. போட்டதெல்லாம் எழுந்தது.

கோத்தகிரி மண்ணில் விளைகிற காய் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, திரும்ப லாரியேறி வாடிப்போய் கோத்தகிரிக்கே வருகிற கதையை அவள் பார்த்திருக்கிறாள். தன் காய் கோத்தகிரியைத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்தாள். ஒரு மெஸ்ஸுக்கும் ஒரு டீக்கடைக்கும் பொன்னுத்துரை கொத்தமல்லியும் முள்ளங்கியும் கொண்டுபோய்க் கொடுப்பார். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்திலேயே. அதிலும் ஒரு முறை வைத்திருந்தாள். அவள் பறித்துக் கொடுக்கமாட்டாள். வருகிறவர்கள் உள்ளே இறங்கித் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பறித்துவந்து வாசலில் எடைபோட வேண்டும். ஆறு நாளும் எவனுக்கோ பறிக்கிற கை ஒரு நாள் தன் வீட்டுக் குழம்புக்குப் பறிக்கட்டும் என்பாள். எஸ்டேட் பெண்களுக்கு அது பிடித்துப்போனது. ஞாயிறு காலையில் அந்த முப்பது சென்டில் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்கும். மேகம் இறங்கினால் யாராவது ஒருத்தி விளையாட்டாக "ஓ" என்பாள், மற்றவர்கள் சிரித்துக்கொண்டே குரல் கொடுப்பார்கள்.

முதலில் வருவது எப்போதும் தபித்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், ஆண்டாயியைவிடப் பத்து வயது மூத்தவள், மேல் ரோட்டில் தனியாக இருக்கிறாள். சர்ச்சுக்குப் போகும் வழியில் வருவாள். கறுப்புக் குடையை ஓரத்தில் மாட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவாள்.

"ஏனம்மணி, இந்த முள்ளங்கி உங்கூட்டுக்காரர் மாதிரியே இருக்குது. மேல தழையா தழைஞ்சிருக்கு, புடுங்குனா ஒண்ணத்தையும் காணோம்."

"அடுத்த பாத்தில புடுங்குங்கக்கா. அங்க உங்க வாய் மாதிரி நீளமா இருக்கும்."

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு அவை வந்தன.

முதலில் முள்ளம்பன்றி. உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே ராத்திரியில் யாரோ மண்வெட்டியால் கொத்தியதுபோல ஆக்கியிருந்தது. பிறகு காட்டுப்பன்றிகள். தகர டப்பா கட்டினார்கள், பழைய சேலைகளைக் கட்டினார்கள். சேலைகளைக் கிழித்துவிட்டு அவை பீட்ரூட்டைத் தின்றன. மூன்றாவது மழைக்காலம் தொடங்கியபோது காட்டெருமை வந்தது. கூட்டமாக வந்திருந்தால் பயம் குறைவாக இருந்திருக்கும். இது ஒற்றை. இடது கொம்பு பாதியில் ஒடிந்தது. பட்டப்பகலில் பீன்ஸ் நிரைக்குள் நின்றது. ஆண்டாயி கத்தினாள். அது ஓடவில்லை, சீறவில்லை. வாயில் கொடியோடு தலையைத் தூக்கி, வேலைக்கு லேட்டாக வந்தவளைக் கணக்கப்பிள்ளை பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது. காட்டிலாகாவுக்குச் சொன்னார்கள். அவர்கள் வந்து விரட்டிவிட்டுத்தான் போனார்கள். மூன்றாம் நாள் அது அதே நிரையில் நின்றது.

அன்று சாயங்காலம் பொன்னுத்துரை அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தா புள்ள, ஒரு வழி இருக்கு."

"அந்த வழி வேணாம்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"உங்க மூஞ்சிலயே எழுதியிருக்கு. கரண்டு தானே?"

சரிவில் வேலிக் கம்பியில் கரண்ட் வைத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். தப்பு என்று அவர்களுக்கும் தெரியும், பிடித்தால் ஜெயில் என்றும் தெரியும். போன வருஷம் இரண்டு வளைவு தள்ளி ஒருவர் தன் வேலியிலேயே, தான் இழுத்த கம்பியிலேயே செத்துக் கிடந்தார். அந்த வீட்டுக்கு ஆண்டாயியும் துக்கம் கேட்கப் போய்வந்திருந்தாள். ஆனாலும் மறுநாள் பொன்னுத்துரை கம்பிச் சுருளோடு வந்து இறங்கியபோது அவள் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? பின்னாட்களில் அவள் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்ட கேள்வி இது. விளைந்ததை விட மனமில்லையா, அல்லது அந்த ஒடிந்த கொம்பின் மேல் கோபமா? எதுவானாலும், வேண்டாம் என்று ஒரு முறை சொல்லியாயிற்று என்பதே போதும் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"அந்திக்கு நீங்க மாட்டுங்க. விடிஞ்சதும் புடுங்குறது நான். அத நீங்க தொடப்படாது. ரெண்டு பேரு கை வெச்சா ஒருத்தர ஒருத்தர் நம்பிக்கிட்டுக் கெடுத்துருவோம்."

பிளக் இருந்தது அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால். மேலே ஸ்விட்ச் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. கம்பியில் கரண்ட் இருந்தால் அது எரியும். காலையில் எழுந்ததும் ஆண்டாயி முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான். டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கை இழுப்பாள், சிவப்பு அணையும், பிறகுதான் முகம் கழுவுவாள். ஒரு நாள் தவறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிற பெண்களிடம் அவள் மறைக்கவும் இல்லை. "ராத்திரிக்கு மட்டுந்தான். விடிஞ்சதும் நானே புடுங்கிருவேன்" என்றாள். ஒருத்தி கம்பியைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். தபித்தாள்தான் முதலில் போய்த் தன் குடையை அந்தக் கம்பியிலேயே மாட்டினாள்.

"உன்னைய நம்பித்தானே அம்மணி காலெடுத்து வெக்கறோம். அப்புறம் என்ன?"

அதன்பிறகு எல்லோரும் இறங்கினார்கள். குடை மாட்ட அது வசதியான இடம் என்று ஆகிவிட்டது.

கார்த்திகை மாதம் இரண்டாம் ஞாயிறு. இரவெல்லாம் காற்றும் மழையும். ஆண்டாயி எழுந்தபோது கூரைத் தகரம் அடங்கியிருந்தது. ஜன்னலில் வெள்ளையாக மேகம் நின்றது. பொன்னுத்துரை முதல் பஸ்ஸுக்குக் கொத்தமல்லியோடு போய்விட்டிருந்தார். அடுப்படிக்கு வந்தாள். சிவப்பு பல்பு எரியவில்லை.

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தொடாதே என்று சொன்ன பிறகும் மனுஷன் தொட்டிருக்கிறார். தான் சீக்கிரம் கிளம்புகிறோம், அவளுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார். வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று முனகிக்கொண்டே கேஸைப் பற்றவைத்தாள். ஜன்னல் வெளிச்சம் போதும் என்று லைட் போடவில்லை. டிரம்முக்குப் பின்னால் கையை விடவில்லை.

லயத்து மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பாட ஆரம்பித்துவிடும். இன்றைக்குப் பாடவில்லை. பூசாரிக்கும் குளிர்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். தபித்தாளோடு சேர்த்து ஒன்பது பேர். மேகம் அவ்வளவு கெட்டியாக இருந்தது, வாசலில் பேசியவர்கள் நாலு எட்டு வைத்ததும் காணாமல் போனார்கள். குரல்கள் மட்டும் கேட்டன. யாரோ மருமகளைத் திட்டினார்கள், யாரோ பூண்டு வாசம் தூக்குகிறது என்றார்கள். ஆண்டாயி வாசலில் தராசை வைத்துவிட்டு, அவர்களுக்கு முன் பாத்தியைப் பார்த்துவர ஒரு முறை போய் வந்திருந்தாள். போகும்போதும் வரும்போதும் கம்பியைத் தாண்டித்தான் போனாள். சேலை அதில் உரசியதுகூட நினைவிருந்தது.

ஏழேகால் இருக்கும். கோயில் ஸ்பீக்கர் திடீரென்று பாடியது. பாட்டின் தொடக்கத்திலிருந்து பாடவில்லை. நடுவில், ஒரு வார்த்தையின் பாதியிலிருந்து பாடியது.

ஆண்டாயி பீன்ஸைத் தராசில் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதி வார்த்தை அவள் காதில் விழுந்து, உள்ளே போய், ஒரு கணம் சும்மா இருந்தது. பூசாரி இப்போது எழுந்துவந்து போடவில்லை. அவன் எப்போதோ போட்டுவிட்டான். இவ்வளவு நேரம் கரண்ட்தான் இல்லை.

திரும்பி அடுப்படியைப் பார்த்தாள். அந்த இருட்டில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

கத்துவதா, ஓடுவதா? கத்தினால் அவர்கள் பதறி எதையாவது பிடிப்பார்கள். ஓடினாள். வாசற்படியில் முழங்கால் இடித்தது. டிரம்மைத் தள்ளி, கையை விட்டு, பிளக்கை இழுத்தாள். சிவப்பு அணைந்தது. அதற்குச் சற்று முன்பா, சற்றுப் பின்பா, தெரியவில்லை, வெளியே ஒரு சத்தம். நனைந்த மூட்டையைக் கீழே போட்டதுபோல.

வெளியே வந்தாள். எங்கும் வெள்ளை. ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. அவள் தொண்டையில் வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பழகியதுதான் வந்தது.

"ஓ...!"

"ஓ" என்று முள்ளங்கிப் பக்கமிருந்து ஒருத்தி சிரித்தாள். "ஓ" என்றது அடுத்தது. மூன்று, நான்கு. எஸ்டேட்டுச் சுமலதாவின் கீச்சுக்குரல் ஐந்து. ஆண்டாயி விரலை மடக்கினாள். ஆறு. ஏழு. கடைசிப் பாத்தியிலிருந்து எட்டு.

பிறகு ஸ்பீக்கர் மட்டும்.

சிரிப்பு நின்றுபோனது. மேகத்துக்குள் எட்டுப் பேரும் கையில் இருந்ததைக் கீழே போடுகிற சத்தம் ஆண்டாயிக்குக் கேட்டது.

தபித்தாள் அவரைப் பந்தலுக்கடியில் மல்லாந்து கிடந்தாள். சர்ச்சுக்கு நேரமாயிற்று என்று குடையை எடுக்கக் கை நீட்டியிருக்கிறாள். குடை இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, மெல்ல ஆடியது. அவள் வலது கை மூடியபடி இருந்தது. திறக்கவில்லை. மூச்சு இருந்தது. சுமலதா நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். ஆண்டாயியைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தாள். கம்பி போகிற திசையிலேயே பார்த்துக்கொண்டு போய், வீட்டில் பார்வையை நிறுத்தினாள்.

ஜீப் பிடித்துக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தபித்தாள் பிழைத்தாள். இரண்டு விரல்கள் மட்டும் பிறகு நிமிரவே இல்லை. மறுநாள் ஆண்டாயி போய்க் கட்டிலருகே நின்றபோது அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்கூட்டு சுவிச்சுப் பொட்டி நனைஞ்சிருந்துச்சுன்னு போலீசுகிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்குக்கா?"

"பின்ன? நீ உள்ள போயிட்டா எனக்கு முள்ளங்கி யாரு குடுப்பா?"

பேச்சு பழைய பேச்சுதான். ஆனால் முகத்தை ஆண்டாயி பக்கம் திருப்பவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. போலீஸுக்குப் போய்த் தானே சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. சொன்னால் தபித்தாள் சொன்னது பொய்யாகும். சொல்லாவிட்டால்? பஸ் வளைவுகளில் திரும்பிக்கொண்டே இருந்தது. அவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினாள், அவ்வளவுதான்.

பொன்னுத்துரை கம்பியைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "நான் தொடவே இல்ல புள்ள. நீதான் தொடப்படாதுன்ன" என்று ஒரு முறை சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் சொன்னது உண்மைதான்.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். மேல் ரோட்டில் பேச்சுக் குரல்கள் கேட்கும், அவள் வீட்டருகே வரும்போது தணிந்து, தாண்டியபின் மறுபடி எழும். பீன்ஸ் முற்றி நார் விட்டது. முள்ளங்கி வெடித்தது. கம்பி இல்லை என்பதை மனிதர்களுக்கு முன்பே மிருகங்கள் தெரிந்துகொண்டன. ஈரமண்ணில் குளம்புத் தடங்கள் ஒவ்வொரு நாளும் ஒரு பாத்தி மேலே ஏறி வந்தன. ஒரு நாள் காலையில் தராசு வைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே ஒன்று பதிந்திருந்தது. அதில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது.

"தேயிலையே வெச்சிருவோம் புள்ள" என்றார் பொன்னுத்துரை. "நாத்து கிடைக்கும். ஒண்ணும் வராது. நிம்மதியா படுக்கலாம்."

"ஒண்ணும் வராது" என்றாள் ஆண்டாயி. "மனுசங்களும் வரமாட்டாங்க."

"இப்ப மட்டும் வர்றாங்களா?"

மறுநாள் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வெடித்த முள்ளங்கிகளைப் பிடுங்கி, புதிதாக விதை ஊன்றினாள். யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஐந்தாவது ஞாயிறு. காலையில் மேகம் கண்ணை மறைத்தது. ஏழு மணிக்கு ரோட்டிலிருந்து ஒரு குரல்.

"ஏனம்மணி, இருக்கியா?"

ஆண்டாயி ஓடி வந்தாள். தபித்தாள் ரோட்டோரத்தில் நின்றாள். இடது தோளில் பை, இடது கையில் குடை. வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"அவரை இருக்குதா?"

"இருக்குக்கா. வாங்க."

தபித்தாள் காலடியைப் பார்த்தாள். ரோடு முடிந்து மண் தொடங்குகிற இடம் அது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீயே பறிச்சுக் குடு. நான் இங்கயே நிக்கறேன்."

ஆண்டாயி பையை வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினாள். நாலு எட்டில் ரோடு மறைந்தது. அவரைப் பந்தல் கைக்குத் தட்டுப்பட்டது. பறிக்கத் தொடங்கினாள். நல்ல பிஞ்சாகப் பார்த்து, பழைய வேகத்தில், இரண்டு கையாலும். பை பாதி நிறைந்தபோது அவள் கைகள் தாமாக நின்றன.

பந்தலுக்கு அந்தப் பக்கம் யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

நிதானமான, ஈரமான சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. அதன் வெப்பம் இலைகளைத் தாண்டி அவள் முகத்தில் பட்டது. மேகம் ஒரு கை அளவு விலகியது. ஒடிந்த கொம்பு. அதற்குக் கீழே ஒரு கண்.

அசையாமல் நின்றால் போய்விடும். கொழுந்து பறித்த காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். அசையக்கூடாது, சத்தம் போடக்கூடாது, அவ்வளவுதான்.

ரோட்டிலிருந்து தபித்தாள் குரல் கொடுத்தாள். "ஓ...!"

ஆண்டாயி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மெல்கிற சத்தம் நின்றது.

"ஆண்டாயி! ஓ...!" குரலில் இப்போது பதற்றம் இருந்தது. ஞாயிறுதோறும் மேகத்துக்குள் அந்தக் குரலுக்குப் பதில் கொடுத்தவள்தான் தபித்தாளும். பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். அதோ, ரோட்டை விட்டு மண்ணில் ஒரு கால் இறங்குகிற சத்தம். ஐந்து ஞாயிறாக ஆண்டாயி காத்திருந்தது அந்தக் கால் சத்தத்துக்குத்தான்.

கண் அவளையே பார்த்தது.

"ஓ...!" என்றாள் ஆண்டாயி. தொண்டை கிழிய, மலைக்கே கேட்கும்படி. "இருக்கேன்கா! அங்கயே நில்லுங்க! எறங்காதீங்க!"

மண்ணில் இறங்கிய கால் நின்றது. ஒடிந்த கொம்பு ஆண்டாயி பக்கம் சாய, பந்தல் அசைந்தது.